132 பார்ட்டி, 132 புராஜெக்ட்: ஆபீஸ் வேலையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி:

வணக்கம் சார். ஈரோட்டில் அப்பா ஆரம்பித்த வரி ஆலோசனை அலுவலகத்தை இப்போது நான் நடத்துகிறேன். மொத்தம் 132 பார்ட்டிகள் (வாடிக்கையாளர்கள்), பெரும்பாலும் ஜவுளி, மஞ்சள் வியாபாரிகள். 86 பேர் மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர்கள், மற்றவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை. என்னோடு ஐந்து பேர் இருக்கிறார்கள். எட்டு மாதத்துக்கு முன் வேலைகளைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் வாங்கினேன். பார்ட்டிக்கு ஒரு புராஜெக்ட், ஒவ்வொன்றிலும் 19 நிலைகள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து அமைத்தேன். யாரும் அதைத் திறப்பதே இல்லை. கேட்டால் "பண்ணியாச்சு மேடம்" என்கிறார்கள், திரையில் சிவப்பாகவே இருக்கிறது. எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. அப்பா காலத்து சீனியர் அண்ணன் ஒருவர், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னால் சிரிக்கிறார். மாதாமாதம் 20-ஆம் தேதி ராத்திரி 11 மணி வரை ஆபீஸில் இருக்கிறோம். மென்பொருளை மாற்றலாமா? இல்லை, மேனேஜர் ஒருவரைப் போடலாமா?

(பெயர் வேண்டாம்)

பதில்:

வணக்கம் மேடம். மென்பொருள் அப்படியே இருக்கட்டும். நீங்கள் வேலையைப் பிரித்த விதத்தில்தான் கோளாறு. அதை அப்படியே வைத்துக்கொண்டு வேறு எதை வாங்கினாலும் எட்டு மாதம் கழித்து இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

பார்ட்டிக்கு ஒரு புராஜெக்ட் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான். அலமாரியில் பார்ட்டிக்கு ஒரு ஃபைல் இருக்கிறது, கம்ப்யூட்டரிலும் அப்படியே இருக்கட்டும் என்று செய்கிறோம். ஆனால் காலையில் நீங்கள் கேட்கிற கேள்வி "இந்த மாதம் இன்னும் யாருக்கெல்லாம் 3பி (வரியைக் கட்டி 20-ஆம் தேதிக்குள் போட வேண்டிய மாத ரிட்டர்ன்) போகவில்லை?" என்பது. இதற்குப் பதில் தெரிய 86 புராஜெக்டைத் திறக்க வேண்டியிருந்தால் யார் திறப்பார்கள்? சீனியர் அண்ணனைக் கேட்பதுதான் சுலபம். நீங்களும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

கெடு தேதி பார்ட்டிக்கு உரியதல்ல, ரிட்டர்னுக்கு உரியது. அதனால் மாதாமாதம் திரும்பி வரும் வேலைகளுக்கு ரிட்டர்னும் மாதமும் சேர்ந்தது ஒரு புராஜெக்ட். "ஆகஸ்ட் 3பி" என்று ஒன்று, அதற்குள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக 86 வரிகள், ஒவ்வொரு வரியிலும் ஒரு பார்ட்டி. "ஆகஸ்ட் ஜிஎஸ்டிஆர்-1" (விற்பனை விவரம் தரும் ரிட்டர்ன்) இன்னொன்று. காலாண்டுக்காரர்கள் 46 பேருக்குத் தனி. அவர்களுக்குத் தமிழ்நாட்டில் 3பி கெடு 22-ஆம் தேதி, இடைப்பட்ட இரண்டு மாதங்களில் பில் விவரம் ஏற்ற 13, வரிப் பணம் கட்ட 25 என்று தேதிகளே வேறு. இவர்களை மாதக்காரர்களோடு கலந்ததும் உங்கள் திரை சிவப்பாக இருப்பதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். யூசர் ஐடி, ஓடிபி போகும் செல் நம்பர், கம்பெனிகளுக்கு டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகும் நாள், இவையெல்லாம் வேலைகள் அல்ல, விவரங்கள். அவற்றுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். புராஜெக்டுக்குள் திணிக்க வேண்டாம்.

பார்ட்டி பெயரில் புராஜெக்ட் திறக்க வேண்டிய இடமும் உண்டு: நோட்டீஸ், ரீஃபண்ட், புதுப் பதிவு மாதிரி ஒருமுறை வந்து முடிகிற வேலைகள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அந்த 19 நிலைகள். பணிவாகச் சொல்கிறேன், அது உங்கள் மன நிம்மதிக்காகப் போட்டது. என்ட்ரி போடும் பெண்ணுக்கு "பர்ச்சேஸ் என்ட்ரி பாதி" என்பதற்கும் "பர்ச்சேஸ் என்ட்ரி நடக்கிறது" என்பதற்கும் வித்தியாசம் தேட நேரம் கிடையாது. ஒரு வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறினால் மட்டும் நிலை மாறட்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் ஆபீஸுக்கு ஆறு போதும்: பேப்பர் வரணும், பேப்பர் முழுசா வந்தாச்சு, என்ட்ரி, செக்கிங், பார்ட்டியிடம், ஃபைல் ஆச்சு. பெயர்களையும் இப்படியே தமிழில், ஆபீஸில் பேசுகிற மாதிரியே வையுங்கள்.

இந்த ஆறில் இரண்டாவதைக் கவனியுங்கள். "முழுசா" என்ற சொல் வீணாகப் போடவில்லை. விற்பனைப் பில், கொள்முதல் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், கிரெடிட் நோட் இருந்தால் அது, எல்லாம் வந்த பிறகுதான் அந்த வரி என்ட்ரிக்குப் போக வேண்டும். பல ஆபீஸ்களில் நான் பார்க்கும் பெரிய நேர விரயம் இதுதான். பாதி பில் வந்ததும் ஆர்வமாக என்ட்ரியை ஆரம்பிப்பார்கள். மீதிக்குப் போன் போடுவார்கள், கிடைக்காது, அதை மூடிவிட்டு அடுத்த பார்ட்டியை எடுப்பார்கள். நான்கு நாள் கழித்து மீதிப் பில் வாட்ஸ்அப்பில் வரும்போது எது வரைக்கும் போட்டோம் என்று முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒரே வேலையை இரண்டு முறை செய்துவிட்டு ஆள் போதவில்லை என்போம்.

ஐந்தாவது நிலையும் அப்படித்தான். "பார்ட்டியிடம்" என்றால் நம் வேலை முடிந்தது, அவர் ஓகே சொல்ல வேண்டும், பணம் கட்ட வேண்டும் அல்லது ஓடிபி சொல்ல வேண்டும். இதைத் தனியாகப் பிரிக்காவிட்டால் நம்மால் தாமதமாவதும் அவர்களால் தாமதமாவதும் ஒன்றாகவே தெரியும். பிரித்து இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள், 20-ஆம் தேதி இரவு 11 மணிக்கு மாட்டியிருப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த வரிசையில்தான் இருப்பார்கள். உங்கள் ஊரில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. திங்கள் இரவும் செவ்வாயும் ஜவுளிச் சந்தை. 20-ஆம் தேதி செவ்வாயாக வந்தால் கனி மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர் ஓடிபிக்குப் போனை எடுக்கவே மாட்டார், எடுத்தாலும் எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் அது செத்துப்போயிருக்கும். அந்த மாதங்களில் சந்தைக்காரர்களை மட்டும் சனிக்கிழமைக்குள் முடிக்கிற மாதிரி முன்னால் நகர்த்துங்கள். இதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது.

சரி, அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். செக்கிங் யார் பார்க்கிறார்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. எல்லாம் நீங்களேதான் பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு கணக்கு. சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து போர்ட்டல் தரும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி 14-ஆம் தேதி வருகிறது. அதை வைத்துத்தான் உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டிய வரியை) ஒத்துப் பார்க்க முடியும். 20-க்குள் ஃபைல் ஆக வேண்டும். நடுவில் ஞாயிறைக் கழித்தால் கையில் ஐந்து நாள். 86-ஐ ஐந்தால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 17. ஒன்றுக்கு 20 நிமிடம் என்றாலும் 340 நிமிடம், கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் செக்கிங் மட்டும். போன், பார்ட்டி வருகை, பேங்க் எல்லாம் இதற்கு மேல். இன்னும் இரண்டு பேரை என்ட்ரிக்குப் போட்டால் உங்கள் மேசையில் இன்னும் சீக்கிரமாகக் குவியும், அவ்வளவுதான்.

இங்கேதான் சீனியர் அண்ணனிடம் வருகிறேன். அவரைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லிக் கேட்டதே தப்பான வேலை. இத்தனை வருட அனுபவம் உள்ளவரை டிக் அடிக்கச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்? ஒரு மதியம் அவரோடு உட்காருங்கள். போன மாத ரிட்டர்ன்களில் பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இதைப் பார்த்ததும் நீங்கள் முதலில் எதைத் தேடுவீர்கள் அண்ணா?" என்று மட்டும் கேளுங்கள். "இவர் ரெண்டு பில் புக் வெச்சிருக்கார்மா, விற்பனை பாதியாக் குறைஞ்சா ஒரு புக் வரலைன்னு அர்த்தம்" என்பார். "இவருக்கு சூரத் சரக்கோட பில் லாரி ஆபீஸ்லயே தங்கிடும்" என்பார். அவர் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். அதுதான் உங்கள் ஆபீஸின் செக்கிங் பட்டியல். எந்தக் கம்பெனியிடமும் விலைக்குக் கிடைக்காது.

அந்தப் பட்டியல் வந்ததும் செக்கிங்கை அவரிடம் கொடுங்கள். உங்களிடம் வர வேண்டியது சிக்கலானவை மட்டும். எது சிக்கல் என்பதற்கும் ஒரு வரையறை வையுங்கள்: போன மாதத்தோடு ஒப்பிட்டால் விற்பனை நிறைய ஏறியோ இறங்கியோ இருப்பது, கணக்கில் உள்ள உள்ளீட்டு வரி 2பி-யை விட அதிகமாக இருப்பது, இ-வே பில் (சரக்கு அனுப்ப எடுக்கும் பில்) தொகைக்கும் விற்பனைக்கும் ஒட்டாமல் இருப்பது, பெரிய கிரெடிட் நோட். இந்த நான்கில் எதுவும் இல்லாத ரிட்டர்னை நீங்கள் பார்க்கத் தேவையில்லை. முதல் மாதம் மனசு கேட்காது, அண்ணன் பார்த்ததில் ஐந்தாறை எடுத்து மறுபடி பாருங்கள். அண்ணன் திரையைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. அவர் "சரி" என்றதும் பக்கத்தில் இருப்பவர் நகர்த்தட்டும்.

திரையில் சிவப்பு, வாயில் "பண்ணியாச்சு" என்பதற்கு வருவோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. எது வரைக்கும் பண்ணினால் "ஆச்சு" என்று நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. ஒருவருக்கு என்ட்ரி முடிந்தால் ஆச்சு. இன்னொருவருக்கு சலான் போட்டால் ஆச்சு. சலான் உருவாக்குவது வேறு, பணம் கட்டுவது வேறு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 15 நாள் செல்லுபடியாகும் சலான் ஒன்று போர்ட்டலில் சும்மா கிடக்கும், பார்ட்டி கட்டியிருக்க மாட்டார், நம் ஆள் "சலான் போட்டாச்சு மேடம்" என்பார், நீங்கள் ரிட்டர்னே போய்விட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் ஒரே விதி: ரிட்டர்ன் போனதும் போர்ட்டல் தரும் ஏஆர்என் (ஒப்புகை) நம்பரை அந்தப் பார்ட்டி வரியில் ஒட்டினால்தான் "ஃபைல் ஆச்சு". நம்பர் இல்லையென்றால் ஆகவில்லை. வாய்வார்த்தைக்கு இடமே கிடையாது.

வாட்ஸ்அப்பை நிறுத்த முயலாதீர்கள், பார்ட்டிகள் விட மாட்டார்கள். ஆனால் ஐந்து பேரின் சொந்த நம்பருக்கு ஐந்து விதமாக பில் வருவதை நிறுத்துங்கள். ஆபீஸுக்கு ஒரு நம்பர், அதைப் பார்க்க ஒருவர், காலையில் ஒருமுறை மதியம் ஒருமுறை வந்ததையெல்லாம் இறக்கி அந்தந்தப் பார்ட்டி ஃபோல்டரில் போட்டு வரியில் குறிப்பது அவர் பொறுப்பு. அரசு அலுவலகங்களில் தபால் பிரிவு செய்வது இதைத்தான். கலெக்டர் ஆபீஸ் கடிதம் எதிலும் மேலே ந.க.எண் என்று ஒன்று இருக்கும். உள்ளே வரும் தாளுக்கு ஒரு எண், அது எந்தப் பிரிவு எழுத்தருக்குப் போனது, அவர் எந்தத் தேதியில் யாருக்கு எழுதினார், பதில் வந்ததா என்பதெல்லாம் அவருடைய தன்பதிவேட்டில் வரிவரியாக இருக்கும். பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்கான அடிப்படைப் பயிற்சிக்குப் போய் வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், இதை மூச்சு விடாமல் சொல்வார்கள். அங்கே தாமதம் இல்லை என்று சொல்ல வரவில்லை, அது ஊரறிந்த கதை. ஆனால் கோப்பு யார் மேசையில் தூங்குகிறது என்பதையாவது ஒரு நோட்டைப் புரட்டிச் சொல்லிவிட முடியும். உங்கள் திரை அந்த நோட்டுக்குச் சமமாக இருந்தால் போதும்: ஒரு வேலை, ஒரு பெயர், அடுத்த தேதி. இரண்டு பேர் பெயர் போட்ட வேலை யாருடைய வேலையும் அல்ல.

அப்புறம் ஒரு கட்டுப்பாடு, இதற்கு முணுமுணுப்பு வரும். ஒருவர் கையில் ஒரே சமயத்தில் நான்கு பார்ட்டிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்றை அடுத்தவருக்குத் தள்ளினால்தான் ஐந்தாவது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு சூத்திரம் இருக்கிறது: நடுவில் நிற்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் நிற்கிறது என்று வரும். 60 ரிட்டர்னைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 12 முடித்தால் ஒவ்வொன்றும் ஐந்து நாள் நிற்கும். 24 மட்டும் திறந்திருந்தால், அதே ஆட்கள் அதே வேகத்தில், இரண்டே நாள். மொத்தம் முடியும் எண்ணிக்கை இதனால் அதிகமாகாது என்பது உண்மைதான். ஆனால் முதல் ரிட்டர்ன்கள் 16-ஆம் தேதியே வெளியே போகும், பணம் கட்டச் சொல்லும் போன்கள் நாலு நாளாகப் பரவும், ஒரு தவறு இருந்தால் அது 20-ஆம் தேதி ராத்திரி தெரியாமல் 16-ஆம் தேதியே தெரியும். ஜிஎஸ்டிஆர்-1-இல் விட்டதை அதே மாதம் 1ஏ என்ற திருத்தப் படிவத்தில் திருத்த வேண்டுமென்றால் 3பி போகும் முன் தெரிந்தாக வேண்டும் அல்லவா?

காலையில் பத்து நிமிடம் எல்லோரும் திரைக்கு முன்னால் நில்லுங்கள். "நேற்று என்ன பண்ணினாய்" என்று ஆளாளுக்குக் கேட்க வேண்டாம், அது பள்ளிக்கூட வருகைப் பதிவு மாதிரி ஆகிவிடும். வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியப்போகிற வேலைகளிலிருந்து ஆரம்பித்து, எது நகராமல் நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். முன்கூட்டியே "இது மாட்டிக்கிச்சு" என்று சொன்னவரைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் போதும், அடுத்த மாதத்திலிருந்து திரையில் எல்லாமே பச்சையாக இருக்கும், 20-ஆம் தேதிதான் சாயம் வெளுக்கும்.

உள் தேதிகளைப் பற்றி. ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11, எனவே பேப்பர் 5-க்குள் வர வேண்டும் என்று எல்லா ஆபீஸிலும் ஒரு தேதி வைத்திருப்பார்கள், யாரும் மதிக்க மாட்டார்கள். அந்த 5-ஆம் தேதி எதுவும் நடக்காததுதான் காரணம். 5-ஆம் தேதி மாலை பேப்பர் வராத பட்டியலை எடுத்து 6-ஆம் தேதி காலை நீங்களே போன் போடுங்கள். ஊழியர் போட்டால் "அனுப்புறேம்மா" என்பார்கள், முதலாளி போட்டால் அனுப்புவார்கள். தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் தொகையாகச் சொல்லுங்கள்: 3பி-க்கு நாளுக்கு 50 ரூபாய், வரி இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய், கட்டாத வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. மூன்று மாதம் தொடர்ந்து கடைசி நாளில் பேப்பர் தருபவருக்கு உங்கள் ஃபீஸையும் ஏற்றுங்கள். போய்விடுவாரே என்று பயமாக இருக்கும். போகட்டும் என்பேன் நான். அவரால் மற்ற 85 பேரின் வேலை கெடுகிறது.

நோட்டீஸ் விஷயம் கடிதத்தில் இல்லை, ஆனால் இதில்தான் எனக்குப் பயம். நோட்டீஸ் போர்ட்டலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், மெயில் பார்ட்டி மருமகனின் ஐடிக்குப் போகும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஜிஎஸ்டிஆர்-1-க்கும் 3பி-க்கும் வித்தியாசம் இருந்தால் வரும் டிஆர்சி-01பி என்ற நோட்டீஸுக்கு ஏழே நாள்தான் அவகாசம், பதில் போடாவிட்டால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாமல் பூட்டிவிடும். வாரம் ஒருமுறை 132 ஐடியையும் திறந்து நோட்டீஸ் இருக்கிறதா என்று பார்ப்பதை ஒரு நிரந்தர வேலையாகப் போட்டு ஒருவர் பெயரில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு 27 என்றால் ஐந்து நாளில் முடிந்துவிடும். நோட்டீஸ் கண்ணில் பட்ட அன்றே பார்ட்டி பெயரில் புராஜெக்ட் திறந்து, பதில் போக வேண்டிய கடைசி நாளை முதல் வரியில் எழுதிவிடுங்கள். இந்த வகைக்கு மட்டும் பார்ட்டிவாரியாகப் பிரித்த உங்கள் பழைய முறை சரியாகப் பொருந்தும்.

எப்போது ஆரம்பிப்பது? மாத நடுவில் வேண்டாம், 3பி முடிந்த மறுநாள் 21-ஆம் தேதி. வருமான வரி ரிட்டர்ன் சீசனிலும் வேண்டாம். முதலில் ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டை மட்டும் எடுங்கள். 7-ஆம் தேதி டிடிஎஸ், 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் பழையபடியே நடக்கட்டும், மூன்றாவது மாதம் சேர்த்துக்கொள்ளலாம். அந்த 132 பழைய புராஜெக்டுகளையும் அழிக்காமல் ஆர்க்கைவ் பண்ணிவிடுங்கள், கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

மேனேஜர் இப்போது வேண்டாம். எந்த நிலையில் வேலை குவிகிறது என்று தெரியாமல் ஆள் எடுத்தால், அவரும் சீனியர் அண்ணனைக் கேட்டு உங்களுக்குச் சொல்லும் ஆளாகத்தான் இருப்பார். மூன்று மாதம் கழித்து 17-ஆம் தேதி மாலை திரையைப் பாருங்கள். "என்ட்ரி"யில் குவிந்திருந்தால் டேலி (கணக்கு மென்பொருள்) தெரிந்த ஒருவரை எடுங்கள். "செக்கிங்"கில் என்றால் அண்ணனுக்குக் கீழே ஒருவரைப் பழக்குங்கள், அவருக்கும் வயதாகிறது. "பேப்பர் வரணும்", "பார்ட்டியிடம்" இரண்டிலும் குவிந்திருந்தால் உங்களுக்குத் தேவை மேனேஜரே அல்ல. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை போனில் பேசிப் பேப்பர் வாங்கத் தெரிந்த, சந்தைக்காரர்களிடம் கடிந்துகொள்ளாமல் விடாப்பிடியாக நிற்கத் தெரிந்த ஒருவர், அரை நாள் சம்பளத்தில்.